ஆள் மாறிப்போனால் யார் கேட்பது?

‘படுக்கப் போகுமுன் ஒரு குளிசை’ என்று மருந்துத் துண்டில் எழுதியிருக்கிறது. எழுதியவரின் கணக்கில் அது இரவு ஒன்பது, பத்து மணி. யாழ்ப்பாணத்துக் குருநகர் இறங்குதுறையிலிருந்து பின்னேரம் படகெடுத்து, இரவு முழுக்க வலையோடு நின்று, விடியத்தான் கரைக்கு வருகிறவருக்கு அது எத்தனை மணி? வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டு, புறப்படுகிற அவசரத்தில் குளிசையையும் போட்டுக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எஃபாவிரென்ஸ் என்ற மருந்தாக இருந்தால், இரத்தத்தில் அது உச்சத்துக்கு வருவது மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்துக்குள். வலை வலிக்கிற நேரமும் ஏறக்குறைய அதுதான். தலை சுற்றும், கால் தரிக்காது, விழித்திருக்கும்போதே கனவு கண்டதுபோல ஒரு மயக்கம் வரும். கொழுப்புச் சாப்பாட்டோடு போட்டால் மருந்து இன்னும் கூடுதலாக உடம்பில் ஏறும். வெறும் வயிற்றில், படுக்கிற நேரத்தில் போடச் சொன்னதே இந்தத் தலைச்சுற்று நித்திரையோடு கழிந்துவிடட்டும் என்பதற்காகத்தான். இரவுத் தொழில் செய்கிறவரிடம் “நீர் எப்போது படுக்கிறனீர்?” என்று கேட்காமல் துண்டு எழுதினால், எழுதியது சரியாக இருந்தும் பிழைத்துப் போகும்.

எஃபாவிரென்ஸ் எச்.ஐ.வி. தொற்றுக்கான மருந்து. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பிறகு இலங்கை உட்பட உலகின் பெரும்பகுதியில் நெடுங்காலம் முதல்வரிசை மருந்தாக இருந்தது. மூன்று மருந்தை ஒன்றாக அடக்கிய ஒற்றைக் குளிசை, நாளுக்கு ஒன்று, அரச கிளினிக்கில் இலவசம். அது காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் போடத் தொடங்கிய முதல் கிழமைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தலைச்சுற்று, அசாதாரணமான கனவுகள், நித்திரைக் குழப்பம், கவனம் நிற்காமை என்று ஏதாவதொன்று வரும். பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் அடங்கிவிடும். ஒரு பகுதியினருக்கு அடங்காது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், எரிச்சலும் மனச்சோர்வும் மற்றவர்மேல் சந்தேகமும் கூடவே இருந்துவிடும். நான்கு மருத்துவ ஆய்வுகளில் பங்குபற்றிய ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. இந்த மருந்து எடுத்தவர்களிடையே தற்கொலை எண்ணமும் முயற்சியும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்ததை அது காட்டியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் டொலுடெகிராவிர் என்ற மருந்தை முன்னிலைக்குக் கொண்டுவந்தது. இலங்கையும் அந்த வழிக்கு மாறியது.

அப்படியானால் இது முடிந்த கதை அல்லவா என்று கேட்கலாம். இல்லை. புதிய மருந்தும் சிலருக்கு நித்திரையைக் கெடுக்கிறது, மனத்தைத் தளர்த்துகிறது. அளவில் குறைவு, அவ்வளவே. பழைய மருந்தைப் பல வருடம் போட்டு, பிறகு மாற்றிக்கொண்டவர்களின் வீடுகளில் அந்த வருடங்கள் என்ன செய்துவிட்டுப் போயின என்பதை எந்தக் கிளினிக் கொப்பியும் எழுதி வைப்பதில்லை. மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். இடைக்காலத்தில் மனைவியோடு முறிந்த பேச்சு, படகில் இழந்த இடம், பிள்ளைகளுக்கு வந்த பயம், ஊர் வைத்த ‘விசரன்’ என்ற பட்டம் ஆகியவற்றுக்கு அப்படியொரு கணக்கு இல்லை.

இந்தக் களத்தில் நாம் சொல்ல வருவது ஒரே விடயம்தான். ஒருவர் மாறிப்போகிறார் என்று கண்டால் அவரைக் கவனிப்பது ஊரின் வேலை. அந்தக் கவனிப்புக்கு நோயின் பெயர் தேவையில்லை. காரணம் நிரூபிக்கப்படும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

மனம் மாறுகிற ஆளுக்கு அது மாறுவது தெரியாது என்பதுதான் இதில் முதல் சிக்கல். கால் வீங்கினால் தானே பார்க்கலாம். சிடுசிடுப்பு வந்தவருக்கு மற்ற எல்லாரும் பிழையாக நடப்பதாகத்தான் தெரியும். கண்டுபிடிப்பவர்கள் அயலில் இருப்பவர்கள். “இவர் இப்ப முந்தின ஆளில்லை” என்று மனைவி சொல்வாள். “கதையில்லை, பேச்சில்லை, கூப்பிட்டால் விழுந்து பாயிறான்” என்று படகில் கூட நிற்பவன் சொல்வான். ஆனால் அவர்கள் இருவருக்கும் அவர் குளிசை போடுவது தெரிந்திருக்காது. தெரிந்தாலும் என்ன குளிசை என்று தெரியாது. கிளினிக்கில் இருக்கிற வைத்தியருக்கோ குளிசை தெரியும், வீட்டில் நடப்பது தெரியாது. இரண்டு பக்கத்தாரும் கையில் ஒவ்வொரு பாதியை வைத்துக்கொண்டு சந்திக்காமலே இருக்கிறார்கள்.

சந்திக்காத இடத்தை நிரப்ப எங்களிடம் ஆயத்தமான விளக்கங்கள் நிறைய உண்டு. குடி கூடிவிட்டது. தூள் பாவிக்கிறான் போல. ஆரோ செய்வினை வைத்துவிட்டார்கள், பாசையூர் அந்தோனியாரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ. இவற்றுக்கு மேலாக எல்லாவற்றையும் மூடிவிடுகிற ஒரு விளக்கம் இருக்கிறது: யுத்தம். அதைச் சொல்லக் குருநகருக்கு உரிமை இருக்கிறது. 1986 யூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் முப்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13 அன்று புனித யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு விழுந்தது. இந்த மண்ணின் மனக்காயங்களை வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்த நாட்களிலேயே நோயாளர்களோடு இருந்து பதிவுசெய்தார்கள். அந்த உழைப்பால்தான் ‘மனவடு’ என்ற சொல் எங்கள் வாயில் பழகியது. ஆனால் பழகிய சொல்லுக்கு ஒரு தீங்கும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய எவர் குழம்பினாலும் “அந்த நாளையிலை பட்டது” என்று சொல்லிவிட்டு விசாரணையை முடித்துவிடுகிறோம். அந்த நாளில் பட்டவர் இந்த மாதம் புதுக் குளிசை தொடங்கியவராகவும் இருக்கலாம். முன்பு மனச்சோர்வு வந்து போனவர்களுக்கே இப்படியான மருந்துகளின் தொல்லை கூடுதலாக வரும் என்பதால், எங்கள் ஊர்களில் ‘என்ன குளிசை எடுக்கிறார்?’ என்ற இரண்டாவது கேள்வியை இன்னும் அக்கறையாகக் கேட்க வேண்டும்.

மருந்து எல்லாரையும் ஒரேமாதிரித் தாக்குவதும் இல்லை. எஃபாவிரென்ஸை ஈரலில் உடைக்கிற நொதியொன்று உண்டு. அதற்கான மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு அதே அறுநூறு மில்லிகிராம் குளிசை இரத்தத்தில் மிக அதிக அளவில் தேங்கும். இந்த மாற்றம் தென்னிந்திய நோயாளர்களிடமும் இருப்பதையும், அது மருந்தின் அளவைத் தீர்மானிப்பதையும் சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2009இல் வெளியிட்டார்கள். பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கத்தில் இரத்தம் வேறு என்று நினைக்க நியாயமில்லை. “எனக்கு ஒண்டும் செய்யேல்லையே, உனக்கு மட்டும் என்ன?” என்று ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கேட்பது எவ்வளவு அநியாயமான கேள்வி என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

எச்.ஐ.வி.யோடு இது நிற்பதும் இல்லை. ஈரல் அழற்சி ‘சி’க்கு இன்டர்ஃபெரோன் ஊசி போட்ட காலத்தில், சிகிச்சை பெற்றவர்களில் நான்கில் ஒருவர்போல மனச்சோர்வுக்குள் விழுந்தார்கள். 2013இன் கடைசியில் சொஃபொஸ்புவிர் வந்து அந்த ஊசியை ஓரங்கட்டியது. அதற்குள் வெளிநாடுகளில் இருக்கிற எங்கள் சொந்தக்காரரில் சிலரும் அந்த ஊசிக்காலத்தைக் கடந்திருப்பார்கள். ஊசி நின்றதும் பலர் தேறினார்கள், சிலருக்குச் சோர்வு தொடர்ந்தது.

இங்கே, எங்கள் வீடுகளிலேயே அதிகம் நடக்கக்கூடியது இன்னொன்று. அக்கி வந்த கிழவருக்கு அசைக்ளோவிர் கொடுக்கிறார்கள்: எண்ணூறு மில்லிகிராம், நாளுக்கு ஐந்து தரம், ஏழு நாள். சிறுநீரகம் ஒழுங்காக இருப்பவருக்கான அளவு அது. பிரசரும் சலரோகமும் சேர்ந்து சிறுநீரகம் தளர்ந்துபோன எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த அளவைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் ஓரிரு நாளுக்குள் ஆள் பிதற்றத் தொடங்கலாம். செத்துப்போனவர்கள் வந்து நிற்பதாகச் சொல்வார், வீட்டாரை ஆரென்று கேட்பார், கை நடுங்கும். “காலம் கிட்டுது, ஆத்துமாக்கள் வந்து கூப்பிடுது” என்று செபமாலையை எடுப்பதற்கு முன், மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நேரம் அது. மருந்தை நிறுத்தி, தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்தால் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடுவார். செபமாலை கூடாது என்று சொல்ல வரவில்லை. ஓட்டோவில் போகும்போதும் சொல்லலாம்.

காரணம் தெளியாதபோதும் எப்படிக் கவனிப்பது என்று பார்க்க, இனி யப்பானுக்கு வருவோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலுக்கான ஒசெல்டமிவிர், அதாவது டமிஃபுளூ, உலகிலேயே அதிகம் பாவிக்கப்பட்டது அங்கேதான். அதைப் போட்ட பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் திடீரென எழுந்து ஓடி, மாடிகளிலிருந்து விழுந்து இறந்தார்கள். 2007 மார்ச்சில் யப்பானிய சுகாதார அமைச்சு பத்து முதல் பத்தொன்பது வயதுக்காரருக்கு அதைக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது. பிறகு வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். வேறு மருந்து எடுத்த பிள்ளைகளும், மருந்தே எடுக்காமல் காய்ச்சல் மட்டும் வந்த பிள்ளைகளும் அப்படி நடந்துகொண்டது தெரியவந்தது. 2018 ஓகஸ்டில் தடையை நீக்கினார்கள்.

தடையைவிட, அந்த இடைக்காலத்தில் பெற்றோருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைதான் எங்களுக்கு முக்கியமானது. மருந்து கொடுத்தாலென்ன, கொடுக்காவிட்டாலென்ன, காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளாவது பிள்ளையைத் தனியே விடாதீர்கள். யன்னலையும் கதவையும் பூட்டுங்கள். மாடிவீடென்றால் பல்கனி இல்லாத அறையில் படுக்க வையுங்கள். குற்றவாளி மருந்தா காய்ச்சலா என்ற வழக்கு ஒருபுறம் நடக்கட்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்தத் தீர்ப்பு வேண்டாம் என்பதுதான் அதன் நியாயம். தொடர்மாடி வீடுகளில் குடும்பங்கள் நெருங்கி வாழ்கிற குருநகருக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் ஆகாது.

எங்களிடையே இந்த விடயத்தில் பேச்செடுத்தால் உடனே நாலு கட்சி ஆகிவிடும். பக்கவிளைவுகளைப் பெரிதாகச் சொன்னால் சனம் மருந்தையே விட்டுவிடும் என்பார்கள் வைத்தியத் துறையினர். அந்தப் பயம் நியாயமானது. மருந்துதான் காரணமென்றால் உடனே நிறுத்தினால் என்ன என்பார்கள் வீட்டார். அது விளங்கக்கூடியது, ஆனால் ஆபத்தானது. எஃபாவிரென்ஸ் உடம்பிலிருந்து மிக மெதுவாக வெளியேறும். மூன்றும் அடங்கிய குளிசையை ஒரே நாளில் விட்டால் மற்ற இரண்டும் முதலில் போய்விட, இது மட்டும் தனித்து நாட்கணக்கில், மெதுவாக உடைக்கிறவர்களிடம் கிழமைக்கணக்கில், தங்கும். தனித்து நிற்கிற மருந்தை வெல்ல வைரஸ் பழகிக்கொள்ளும். ஈரல் அழற்சி ‘பி’க்குக் குளிசை எடுக்கிறவர் திடீரென நிறுத்தினால் ஈரல் சீறி எழும் அபாயம் உண்டு. ஆகவே மாற்றலாம், நேரத்தைத் தள்ளலாம், வேறு மருந்து தரலாம், ஆனால் எல்லாம் கிளினிக் வழியாகத்தான். அதற்குக் கிளினிக்கும் ஒன்று செய்ய வேண்டும். “நித்திரை எப்பிடி, வீட்டிலை சண்டையோ, வாழ்க்கை வெறுத்ததுபோல இருக்கோ?” என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கூட்டம் நெருக்குகிற காலை நேரத்தில் அது முடியாது என்றால், தாதி கேட்கலாம்.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறோம்: இரகசியம்.

குளிசைப் போத்தலின் லேபலை நகத்தால் சுரண்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே குளிசைகள் குலுங்குகிற சத்தம் கேட்டுவிடும் என்று பஞ்சை அடைத்து வைப்பார்கள். வைட்டமின் போத்தலுக்குள் மாற்றி வைப்பார்கள். பக்கத்தில் போதனா வைத்தியசாலை இருக்க, தெரிந்த முகம் கண்டுவிடும் என்று தூர நகரத்துக் கிளினிக்குக்குப் பஸ் ஏறுவார்கள். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. பேலியகொடை மீன்சந்தையிலிருந்து கொரோனா பரவிய நாட்களில் ‘மீன்காரர்’ என்றாலே விலகிப்போன மனிதரை இந்தக் கரை மறந்திருக்காது. சில கிழமைத் தொற்றுக்கே அப்படியென்றால், வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்கிற தொற்றுக்கு எப்படியிருக்கும்? எந்த ஊரில் எத்தனை பேர் என்று கேட்கிற பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். அந்த எண் நோயாளர் எவருக்கும் உதவாது, ஆளைத் தேடத்தான் உதவும்.

ஆனால் முழு இரகசியமும் ஆபத்துத்தான். ஒருவருக்கும் தெரியாத குளிசை ஒருவரை மாற்றும்போது கேட்க ஒருவரும் இல்லை. ஆகவே நாங்கள் கேட்பது ஒரு ஆள். மருந்து எடுக்கிற ஒவ்வொருவரும் தான் நம்புகிற ஒருவரிடமாவது இவ்வளவு சொல்லி வைக்க வேண்டும்: “நான் ஒரு மருந்து எடுக்கிறன். அது என்ரை குணத்தை மாத்தக்கூடும். மாறினால் எனக்குச் சொல்லு, நான் கேக்காட்டிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ.” என்ன வருத்தம் என்பது அதில் இல்லை. மனைவியாக இருக்கலாம், தமக்கையாக இருக்கலாம், சிறுவயதுக் கூட்டாளியாக இருக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னது வெளியே வராது என்ற நம்பிக்கையில் தலைமுறைகள் வாழ்ந்த ஊர் இது. கேட்டதைக் காப்பது என்னவென்று இங்கே எவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்த ஒழுக்கத்தைக் குருவானவரிடம் மட்டும் எதிர்பார்ப்பதை விட்டு, அன்பியக் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் ஏற்க வேண்டும்.

பங்குத்தந்தையரிடமும் ஒரு வேண்டுகோள். குழம்பிய ஆளை வீட்டார் கூட்டி வரும்போது, ஆசீர்வதித்த பிறகு “என்ன மருந்து எடுக்கிறவர்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாமசிக்காரர், துண்டில்லாமல் பழைய மருந்தைத் திரும்பக் கேட்கிற முதியவருக்கு அதைக் கொடுக்குமுன் சிறுநீரகத்தைப் பற்றி விசாரிக்கட்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் குடும்பநல உத்தியோகத்தர்களும் வீடுகளுக்குள் போகிறவர்கள், அவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு, மருந்துகளின் பாதகமான விளைவுகளைக் கண்காணிக்கும் கடமை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதி அனுப்பாவிட்டால் கொழும்புக்கு எங்கள் உடம்பில் நடப்பது எப்படித் தெரியும்? ஆளின் பெயர் வேண்டாம், மருந்தின் பெயரும் நடந்ததும் போதும். உயிரை மாய்க்கிற பேச்சு வந்துவிட்டால் மட்டும் இதற்கெல்லாம் பொறுத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலை. அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், வருத்தத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

ஒரு கேள்வியில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. படகில் கூட வருகிறவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? ஒருவர் தலைசுற்றி விழுந்தால் மற்றவர்களின் உயிரும் ஆடும், ஆகவே அவர்களுக்கு உரிமை உண்டு என்பது ஒரு பக்கம். சொன்னால் அடுத்த நாளே சம்மாட்டி வேறு ஆளைத் தேடுவார் என்பது மறுபக்கம். எங்கள் எண்ணம் இது: தலைச்சுற்றைச் சொல்ல வேண்டும், வருத்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தலைச்சுற்றைச் சொல்கிறவரின் வீட்டு அடுப்பு அணையாமல் இருந்தால்தான் அதைச் சொல்ல அவருக்குத் துணிவு வரும். மருந்து தொடங்கும்போதும் மாற்றும்போதும் அனேகமாக இரண்டு முதல் நான்கு கிழமைதான் பிரச்சினை. அந்த நாட்களில் கரையில் நிற்கிற தொழிலாளிக்கு, கிளினிக் தருகிற வெறும் ஓய்வுத் துண்டை மட்டும் காட்டி, காரணம் கேட்காமல், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிதியிலிருந்து ஒரு தொகை கொடுக்க முடியுமா? கரைவேலை, வலை பொத்துகிற வேலை கொடுத்துப் படகில் அவருடைய இடத்தை வைத்திருக்க முடியுமா? எவ்வளவு, எத்தனை நாள், பொய்த்துண்டு வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் தொழில் தெரிந்தவர்கள்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்க்கும்படி சங்கத்தைக் கேட்கிறோம்.